சலவைக்காரி வீட்டின் மேல் நின்ற வெயில்

ஜெர்மன் தேசத்தில் வால்டன்ரோட் என்றொரு நாடு இருந்தது, நாடு என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல், ஒரு நல்ல குதிரை காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அதைக் குறுக்காகக் கடந்துவிடும், ஆனாலும் அதற்கு ஓர் அரசர் இருந்தார், அரசருக்கு ஓர் அரண்மனை இருந்தது, அரண்மனைக்கு நாற்பத்தோரு ஜன்னல்களும் ஒரு குதிரை லாயமும், படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்க வால்புர்கா என்ற சலவைக்காரியும் இருந்தார்கள். அரசர் பெயர் லுடோல்ஃப். கெட்டவர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, அறுவடைக் காலத்தில் யார் வயலையும் வேட்டைக்காக மிதித்ததில்லை, தெருவில் கிழவர்கள் எதிரே வந்தால் குதிரையை ஓரங்கட்டுவார். ஒரே ஒரு குறைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஜெர்மன் தேசம் முந்நூறு துண்டாகக் கிடந்தது. முந்நூறு அரசர்களும் கூடும் மண்டபத்தில் பெரியவர்களுக்குக் கை வைத்த நாற்காலி போடுவார்கள், சிறியவர்களுக்குக் கையில்லாத நாற்காலி. லுடோல்ஃபின் தாத்தா கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்தார், அவரும் இருபது வருஷமாக இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பாடம் தெரியாத பிள்ளை மாதிரி அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் பெரிய ராஜா ஒருவரின் தூதர் வந்தார். கடலுக்கு அப்பால், நம் சோழமண்டலக் கரையில், தங்கள் ராஜாவின் கூட்டாளிகளுக்குச் சண்டை நடக்கிறது என்றார், ஆள் போதவில்லை என்றார், வால்டன்ரோட்டிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று பேரைக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் உங்கள் நாற்காலிக்குக் கை இருக்கும் என்றார். லுடோல்ஃப் ஓர் இரவு யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்கவில்லை, நன்றாகத் தூங்கினார், காலையில் கையெழுத்துப் போட்டார்.

ஊர்ச் சதுக்கத்தில் அவர் அதை அறிவித்தபோது யாரும் கத்தவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற பாதிரியார் ஹீரோனிமுஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "உங்க பையனும் போறாரா, பிரபு?"

"போறான். முதல் ஆளா போறான்," என்றார் லுடோல்ஃப்.

அந்தப் பதில் அவருக்கே தெரியாமல் அவர் வாயிலிருந்து வந்தது. ஆனால் அதைக் கேட்டதும் கூட்டத்தின் தோள்கள் தளர்ந்தன. அரசர் பிள்ளையே போகிறபோது நாம் எப்படி மாட்டேன் என்பது என்று அப்பன்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பீப்பாய் செய்கிற கொன்ராட் முதலில் கையைத் தூக்கினான், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள்.

வீட்டில் அவர் மனைவி அடெல்ஹைட் ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "மூணு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்தாச்சு, நாலாவதைக் கேக்காதீங்க." அவர் நாலாவதைக் கேட்கவில்லை. மகன் கஸிமிருக்கு இருபது வயது. எல்லைக்கு அந்தப் பக்கம் மாமாவின் வேட்டை மாளிகைக்குப் போ, அரசியல் காரணம், கேள்வி கேட்காதே என்று சொல்லி, திரை இறக்கிய வண்டியில் அவனை ஏற்றி அனுப்பினார்கள். அவனும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். வால்புர்காவின் ஒரே மகன் யோஸ்ட் லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தான், கஸிமிரின் உயரம், கஸிமிரின் தோள். அவனைக் கூப்பிட்டு, "இளவரசருக்கு உடம்பு சரியில்லை, நேரா எல்லைப் பாலத்துக்கு வண்டியில வந்துருவார். அதுவரைக்கும் நீ அவர் உடுப்பைப் போட்டுக்கிட்டு முன்னால போ. பாலத்துல மாத்திக்கிட்டுத் திரும்பி வந்துரு," என்றார். யோஸ்ட் வெள்ளைக் கோட்டும் இறகு வைத்த தொப்பியும் அணிந்து, கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பெருமையில் முதுகு நிமிர வெள்ளைக் குதிரையில் போனான். தெருவெல்லாம் பெண்கள் அவன்மேல் பூப் போட்டார்கள், அவன் அம்மாவும் போட்டாள். படைத் தலைவனிடம் லுடோல்ஃப் முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: இவனையே கூட்டிப் போகவும். வால்புர்காவிடம், "யோஸ்டை வடக்கே குதிரை வாங்க அனுப்பியிருக்கேன், வர நாளாகும்," என்று சொன்னார்.

கப்பல்கள் பாய் விரித்த அன்று, கடலைக் கண்ணால் கண்ட ஒருவர்கூட மிச்சமில்லாத அந்த ஊரில், ஆள் போன வீடுகளின் மேல் மட்டும் கடற்காற்று வீசியது. வேலிக்கு இந்தப் பக்கம் இலை அசையாது, அந்தப் பக்கம் கூரை ஓடு படபடக்கும். திரைச்சீலை உப்புப் பூத்தது, ரொட்டி நமுத்தது, பூட்டு துருப்பிடித்தது. வாரங்கள் போகப் போக அந்த வீடுகளில் காற்றடங்கிப் புழுங்கியது, பிறகு எங்கிருந்தோ ஒரு குளிர் வந்து போனது, பிறகு கிறிஸ்துமஸ் கழிந்து ஊரே இடுப்பளவு பனியில் புதைந்து கிடந்த ஒரு நாளில் அந்த வீடுகளின் மேல் மட்டும் வெயில் அடித்தது. நமக்கு அது தெரிந்த வெயில்தான், தை மாதத்துக் கடலூர் வெயில், நாம் அதை வெயில் என்றே சொல்லமாட்டோம். அவர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஆள் எங்கே இருக்கிறானோ அந்த இடத்து வானம் அவன் வீட்டின் மேல் நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அங்கே சூரியன் நாலரை மணி நேரம் முந்தி என்பதால் மதியச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும்போதே அந்த வீடுகளில் இருட்டிவிடும், பக்கத்து வீட்டில் வெளிச்சமாக இருக்கும். பாதிரியார் அவர்களுக்காகச் சாயங்காலப் பிரார்த்தனையை மதியத்துக்கு மாற்றினார். சித்திரை வந்ததும் பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்தது, நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடின. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, ஒன்பது நாள் விடாமல் கொட்டியது, பெண்கள் வாசலில் கால்வாய் வெட்டி நீரை ஆற்றுக்குத் திருப்பினார்கள், "இதுலயா அவரு நடந்து போறாரு," என்று முழங்கால் தண்ணீரில் நின்று சொல்லிக்கொண்டார்கள். ஆளே போகாத வீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் வெயில் காட்டிக் கொண்டுபோனார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பீப்பாய்க் கொன்ராட் வீட்டு வெயில் மங்கியது. அவன் மனைவி கெர்ட்ராவுட் முற்றத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பனித் துகள் அவள் கையில் விழுந்தது, பிறகு இன்னொன்று. அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய், ஒன்றரை வருஷமாகத் திறந்தே கிடந்த ஜன்னலைச் சாத்தினாள், கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் கட்டினாள். பல மாதம் கழித்துப் படையோடு போன இன்னொரு பாதிரியாரிடமிருந்து ஹீரோனிமுஸுக்குக் கடிதம் வந்தபோது, அதில் கொன்ராட் செத்த நாளும் நேரமும் சரியாக இருந்தன. ஆனால் அதற்கு முன்பே, அந்தக் குளிர்காலத்திலேயே, இன்னும் முப்பது வீடுகளில் பனி விழுந்துவிட்டது.

பனி விழுந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகுதான் ஊர் அரண்மனையை அண்ணாந்து பார்த்தது. நாற்பத்தோரு ஜன்னலிலும் பனி. அதன் மேல் ஒரு நாளும் காற்று மாறியதில்லை, ஒரு நாளும் வெயில் நின்றதில்லை.

லுடோல்ஃப் இதற்காக முதல் நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தார். கல் வரும் என்று எதிர்பார்த்தார், மண்வெட்டியும் தீப்பந்தமும் வரும் என்று எதிர்பார்த்தார். அவர்கள் ரொட்டி கொண்டு வந்தார்கள். வால்டன்ரோட்டில் சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற, சோம்பு போட்ட கறுப்பு ரொட்டி. முப்பத்தோரு விதவைகளும் வந்தார்கள். கெர்ட்ராவுட் அடெல்ஹைடின் கையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல் ஏறுன அன்னிக்கே போயிட்டாரு போலிருக்கும்மா. எங்களுக்காவது கொஞ்ச நாள் வெயில் இருந்துச்சு. உங்களுக்கு அதுகூட இல்லை. இத்தனை நாள் எப்படி யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டு அழுதாள். லுடோல்ஃப் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் பிறகு வாய்க்காது என்று அவருக்கே தெரிந்தது. "நன்றி," என்றார்.

எல்லாரும் போன பிறகு வால்புர்கா மட்டும் கதவருகே நின்றாள். முன்கை சிவந்து, கழுத்து கறுத்து, ஜனவரி மாதத்தில் வெயில் பட்ட முகத்தோடு நின்றாள்.

"பிரபு, ஒண்ணு கேக்கணும். யோஸ்ட் குதிரை வாங்கப் போயிருக்கான்னு சொன்னீங்க. என் வீட்டு மேலயும் அந்த வெயில்தான் நிக்குது. அவன் பொய் சொன்னது உங்ககிட்டயா, என்கிட்டயா?"

அவள் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது, அதை எடுத்துக்கொள்வது மட்டும்தான் அவர் செய்யவேண்டியிருந்தது. "என்கிட்டதான்," என்றார் லுடோல்ஃப். "குதிரை வாங்கத்தான் அனுப்பினேன். அவனா போய்ப் படையில சேர்ந்துட்டான் போல."

வால்புர்கா ஓரடி உள்ளே வந்தாள். "என்கிட்ட சொல்லாம எங்கயும் போகமாட்டானே. நான் அழுவேன்னு பயந்துருப்பான்." பிறகு இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். "உங்களை ஏமாத்துனதுக்கு அவனை மன்னிச்சிருங்க, பிரபு. அப்பன் இல்லாம வளர்ந்த பையன்."

"மன்னிச்சேன்," என்றார்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. வால்புர்கா அரண்மனை விரிப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் முற்றத்தில்தான் உலர்த்துவாள், ஊரெல்லாம் துணி விறைத்துப் பலகையாகும் நாளிலும் அவள் கொண்டு வருவது மொறமொறப்பாக, லேசான சூட்டோடு இருக்கும். அதில் தலை வைத்தால் யோஸ்ட் நடந்துகொண்டிருந்த மணலின் சூடு கன்னத்தில் ஏறும். அவர் விரிப்பைத் தரையில் தள்ளிவிட்டு வெறும் மெத்தையில் படுத்தார். அரசர்கள் கூட்டத்துக்குப் போனார், கை வைத்த நாற்காலி போட்டிருந்தது, உட்கார்ந்தார், கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். படையில் எழுதத் தெரிந்த இரண்டு பேரின் கடிதங்கள் அரண்மனை வழியாக வந்தன, இரண்டிலும் யோஸ்ட் பெயர் இருந்தது, இரண்டையும் அடுப்பில் போட்டார். தேவாலயச் சுவரில் ஊரார் தங்கள் கையாலேயே கல் செதுக்கி கஸிமிர் பெயரைப் பதித்தபோது, உயிரோடிருக்கும் மகனின் பெயருக்குக் கீழே மண்டியிட்டு, மற்றவர்கள் எழுந்த பிறகும் எழ முடியாமல் இருந்தார். அவருக்கு எவ்வளவு துக்கம் பாருங்கள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லைப் பற்றிய பேச்சு எல்லை தாண்டிப் போயிருக்க வேண்டும். ஒரு நாள் காலை கரிவண்டிக்காரன் உடுப்பில் கஸிமிர் அரண்மனைச் சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தான். அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"கோவில்ல என் பேரைப் பார்த்தேன். கீழே புதுப் பூ வச்சிருக்காங்க," என்றான். "வர்ற வழியில வெயில் அடிக்கிற வீடெல்லாம் பார்த்தேன். சலவைக்காரம்மா வீட்டு மேலயும் அடிக்குது. யோஸ்ட் எங்கப்பா?"

லுடோல்ஃப் கரண்டியை வைத்தார்.

"என் குதிரையில போனது யாரு?"

"உங்க அப்பாவைக் கேக்காதே. நான்தான் உன்னை விடலை," என்றாள் அடெல்ஹைட்.

"என்னை விடாதது நீங்கம்மா. அவனை அனுப்பினது யாரு?"

 கஸிமிர் எழுந்து, அம்மாவின் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டு, வந்த வழியே போனான். வேட்டை மாளிகைக்குப் போகிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பதினேழு நாள் கழித்து, மதியம், அடெல்ஹைட் தையல் போட்டுக்கொண்டிருந்த அறையில் திரைச்சீலை அசைந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. உதட்டை நக்கிப் பார்த்தாள், உப்புக் கரித்தது. கணவரைக் கூப்பிடவில்லை. சால்வைகூட இல்லாமல் வெளியே படிக்கட்டில் போய், கடற்காற்று தலையைக் கலைத்துப் போட, அப்படியே உட்கார்ந்தாள்.

ஊர் அதைப் பார்த்தது. அரண்மனைக் கொடி உள்ளூர்க் காற்றே இல்லாத நாளில் படபடத்தது, கூரைப் பனி ஈரமாகிச் சரிந்தது. செத்தவர் பிழைத்துவிட்டார் என்று ஒரு பெண் தெருவில் சொன்னாள், அடுத்த தெருவுக்குள் அது நிஜமாகிவிட்டது, ஹீரோனிமுஸ் மணி அடிக்க ஆளனுப்பினார். வால்புர்கா ஈரக் கையோடு ஓடி வந்து அடெல்ஹைடைக் கட்டிக்கொண்டாள், சலவைக்காரி அரசியைக் கட்டிக்கொள்வது அந்த நாட்டில் அதுவே முதல் தடவை. லுடோல்ஃப் ஜன்னலில் நின்று இதைப் பார்த்தார், இதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார், இன்னொரு "நன்றி" சொன்னால் போதும் என்று நினைத்தார்.

மறுநாள் காலை கீழே பார்த்தபோது கெர்ட்ராவுட் தலையில் கறுப்புத் துணி இல்லை. அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே பனி விழுந்துகொண்டிருந்தது, அவள் கொன்ராடின் சட்டைகளை எடுத்து வெளியே கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும். முப்பத்தோரு வீடுகளிலும் ஜன்னலைத் திறந்து வைத்து, செத்தவர்களின் துணியைக் கொடியில் போட்டு, பெண்கள் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசர் பிள்ளைக்கு இரண்டு வருஷம் கழித்துக் காற்று திரும்பியிருக்கிறது. தங்கள் வீட்டுக்கும் திரும்பும். மூன்றாம் நாள் கெர்ட்ராவுடின் சின்னப் பெண்ணுக்குக் குளிரில் காய்ச்சல் கண்டது. அப்போதும் அவள் ஜன்னலைச் சாத்தவில்லை.

லுடோல்ஃப் தானே போய்த் தேவாலய மணியை அடித்தார். எல்லாரும் வந்து சேரும்வரை அடித்தார். படிக்கட்டில் நின்று சொன்னார், சதுக்கத்தில் தன் வாயிலிருந்து தானாக வந்த பதிலிலிருந்து தொடங்கி, வண்டித் திரை, வெள்ளைக் கோட்டு, படைத் தலைவனுக்குக் கொடுத்த கடிதம், அடுப்பில் போட்ட கடிதங்கள், தின்ற ரொட்டி, ஒன்றையும் விடவில்லை. "என் பையன் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. இப்பத்தான் கப்பல் ஏறியிருக்கான். உங்க வீட்டுல பனி விழுந்தது நிஜம்," என்றார். "ஜன்னலைச் சாத்திருங்க."

யாரும் கல்லெடுக்கவில்லை. கெர்ட்ராவுட் இடுப்பில் செருகியிருந்த கறுப்புத் துணியை உருவி, உதறி, நிதானமாகத் தலையில் கட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் கட்டினார்கள். அரசரைப் பார்க்காமலே ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வால்புர்கா மட்டும் நின்றாள்.

"அப்ப என் பையன் பொய் சொல்லலை."

"சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"அவனுக்காக நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"ஆமா."

"நீங்க மன்னிச்சேன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மறுநாள் அரண்மனைத் துணி மூட்டைகள், துவைத்தவையும் துவைக்காதவையுமாக, வாசலில் திரும்பி வந்து கிடந்தன. அதற்குப் பிறகு லுடோல்ஃப் தன் விரிப்பைத் தானே துவைத்தார், சரியாகப் பிழியத் தெரியாமல், எப்போதும் ஈரம் மிச்சமிருந்த விரிப்பில் படுத்தார்.

கோடை போய், அறுவடை போய், அரண்மனையின் மேல் அந்தக் கரையின் வெயில் வந்து நின்றது. சில வாரத்தில் வால்புர்கா வீட்டு வெயில் நகரத் தொடங்கியது. முதலில் காற்று வந்தது, உப்பு வந்தது, பிறகு அந்தப் பழைய குளிர், பிறகு நாள்கணக்கில் ஒரு புழுக்கம். போகும்போது வந்த வானங்கள் எல்லாம் தலைகீழ் வரிசையில் வந்தன. ஊர்ப் பெண்கள் அவளோடு முற்றத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தார்கள். கடைசியில், அடுத்த குளிர்காலத்தில், ஒரு காலை வேளை, அவள் வீட்டின் மேலும் ஆள் போகாத வீடுகளைப் போலவே பனி விழுந்தது. வந்துவிட்டானா, செத்துவிட்டானா என்று அந்தப் பனியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் ஜன்னலைச் சாத்தவும் இல்லை, கறுப்புத் துணி எடுக்கவும் இல்லை, பதினோரு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் கதவைத் தட்டினார்கள்.

யோஸ்ட் அரண்மனைக்கு வந்தபோது லுடோல்ஃப் முற்றத்தில் இருந்தார். ஊரெல்லாம் பனி, முற்றத்தில் நல்ல வெயில். யோஸ்ட் கறுத்து மெலிந்திருந்தான், இடது காலைச் சற்று இழுத்து வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"இளவரசர் நல்லா இருக்கார். பட்டியல்ல இருக்கிறது தன் பேருன்னு அதிகாரிகிட்ட சொல்லி என்னை விடுவிச்சுட்டு அங்கயே நின்னுட்டார். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்," என்றான். "அவ்வளவுதான், பிரபு."

"யோஸ்ட்," என்றார் லுடோல்ஃப். அடுத்து என்ன சொல்வது என்று இரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்தார். "பாலத்துல..."

"பாலத்துல மதியம் வரைக்கும் காத்திருந்தேன். படைத் தலைவர் உங்க கடிதத்தைக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க பிரபு அப்படி எழுதமாட்டார், வேற யாரோ எழுதியிருக்காங்கன்னு சொன்னேன். கப்பல்லயும் சொல்லிக்கிட்டே வந்தேன். சிரிச்சாங்க. கரையில இறங்குன பிறகும் ரொம்ப நாள் சொன்னேன்." அவன் கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பனிக்குள் நடந்து போனான்.

லுடோல்ஃப் அவன் போன பக்கம் பார்த்தபடியே நின்றார். வியர்வை கழுத்தில் இறங்கியது. அதுவரை வால்புர்கா முற்றத்துக்குப் போன பெண்கள், அங்கே வெயில் போய்விட்டதால், இப்போது அரண்மனை முற்றத்தில்தான் துணி உலர்த்தினார்கள், யாரையும் கேட்கவில்லை, ஒரு நாள் கூடைகளோடு வந்து கொடி கட்டினார்கள், அவ்வளவுதான். கெர்ட்ராவுட் கூடையை இறக்கி வைத்து, ஒரு போர்வையை உதறி, அவருக்குப் பக்கத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். இரண்டு முனையையும் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்க," என்றாள். "உங்க நிழல் துணி மேல விழுது."

அவர் நகர்ந்தார்.